நிலாவெளி வீதியில் பனிச்சறுக்கு

சர்ரக். ஒரு மூச்சு. சர்ரக்.

உப்புவெளியில் அக்கா வீட்டில் நான் கண்விழித்த முதல் காலை அந்தச் சத்தத்தோடுதான் விடிந்தது. அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். ஈர்க்கு விளக்குமாறு காய்ந்த மணலில் இழுபடுகிற சத்தம், வேறொன்றும் இல்லை. ஆனால் கண்ணைத் திறக்காமல் கிடந்த எனக்கு அது இறுகிய பனியின் மேல் பலகை வழுக்குகிற சத்தம். ஒரு கால், ஒரு மூச்சு, மற்றக் கால். வியர்வையில் நனைந்த தலையணையில் தலை கிடக்க, தொடைத் தசை தன்பாட்டில் அந்தத் தாளத்துக்கு இறுகித் தளர்ந்தது.

நான் பனியில் சறுக்குகிறவள். ஐம்பதைத் தாண்டிய, திருகோணமலையில் பிறந்த, நோர்வேயின் வட முனையில் மீன் வெட்டுகிற தமிழ்ப் பொம்பிளை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். சிரித்தவர்களோடு எனக்கு எந்தக் காலத்திலும் கோபம் இருந்ததில்லை. சிரிக்காமல் குரலைத் தாழ்த்திக் கதைத்தவர்களோடுதான் கோபம். அது இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

கலியாணம் கட்டிப் போன இடம் அது. கடல், பாறை, மீன் ஃபக்டரி. கலியாணம் கொஞ்சக் காலத்தில் கரைந்து போனது, ஃபக்டரி மிஞ்சியது. துறைமுகத்தில் பிறந்தவளுக்கு இன்னொரு துறைமுகம்தானே என்று நினைத்தேன். கார்த்திகையில் அங்கே சூரியன் எழும்புவதை நிறுத்திவிடும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தை பிறந்தும் உடனே வராது. பகல் என்று ஒரு நீலம் வந்து வாசலில் நிற்கும், கதவைத் தட்டாமலே திரும்பிப் போகும். அப்படி ஒரு பனி மாரியில் நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தேன். சோறு வாய்க்குள் மணலாக இருந்தது. என் கையைத் தூக்கிப் பார்த்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது. நித்திரை என்ற ஒன்று உலகத்தில் மற்ற ஆட்களுக்கு மட்டும் உள்ள சாமானாகிவிட்டது.

டொக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், குளிசை தந்தார். குளிசை உதவியது. உதவவில்லை என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன். அக்கா தொலைபேசியில் வேறு பெயர் சொன்னாள்: கண்ணூறு. கோயிலில் அருச்சனை செய்வித்து, விபூதியை மடித்துக் கடித உறைக்குள் வைத்து அனுப்பினாள். நல்ல மனம்தான். ஆனால் தொலைபேசியை வைக்க முதல், "ஆருக்கும் சொல்லிப்போடாதை, என்ன?" என்றாள். எனக்கு அந்த மாரியில் மிகவும் குளிர்ந்தது அந்த வசனம்தான்.

ஃபக்டரியில் பக்கத்து மேசையில் நின்று வெட்டுகிற நோர்வேக்காரி ஒருத்தி ஒருநாள் வந்து கதவைத் தட்டினாள். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. கையில் பழைய சப்பாத்து ஒரு சோடி. "போடு, வெளியே போவோம்" என்றாள். ஊருக்குப் பின்னால் மின்விளக்குக் கம்பங்கள் நட்ட ஒரு பாதை, இருட்டுக்குள் மஞ்சள் கோடாகப் பனியில் போய்க்கொண்டிருந்தது. என் காலுக்குக் கீழே இரண்டு நீளப் பலகைகளை மாட்டி, கையில் இரண்டு ஊன்றுகோல்களையும் தந்தாள். அன்றைக்கு நான் விழுந்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. விழுந்து விழுந்து ஒரு தரம், "ஐயோ அம்மா!" என்று தமிழில் கத்தினேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு என் குரலை நான் கேட்டது அப்போதுதான். அவள் பனியில் குந்தியிருந்து சிரித்தாள். பிறகு தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதியை நீட்டினாள். அந்தச் சுளை மணலாக இருக்கவில்லை. புளித்தது. நான் அழுதேன்.

பனிச்சறுக்கு என்றதும் மலை உச்சியில் இருந்து பாய்கிற பணக்காரரின் விளையாட்டை நினைக்காதீர்கள். எங்களுடையது சமதரையில் போகிறது. நடையைப் பிடித்து இழுத்து நீட்டினால் எப்படியோ அப்படி. வலது கால் தள்ளும்போது இடது கை கோலை ஊன்றும். கால், கை, வயிறு, முதுகு எல்லாம் ஒன்றை ஒன்று கேட்டு நடக்க வேண்டும். ஒன்று சோம்பினாலும் குப்புற விழுவாய். அதனால் மண்டைக்கு வேறு வேலை பார்க்க நேரம் கிடைப்பதில்லை. அந்த மண்டைக்கு ஓய்வு கிடைப்பது எவ்வளவு பெரிய தர்மம் என்பது அதனால் அடிபட்டவளுக்குத்தான் தெரியும். மூச்சு வாயில் இருந்து வெள்ளையாக வரும், அதைப் பார்த்து, ஓ, நான் இருக்கிறேன் என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்து சுடுதண்ணியில் குளித்தால் பசித்தது. பசித்ததால் சாப்பிட்டேன். சாப்பிட்டதால் நித்திரை வந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த ஊரே பாதையில் நிற்கும். கிழவர்கள், பிள்ளையைச் சின்ன வண்டியில் கட்டி இழுக்கிற தாய்மார், எங்கள் ஃபக்டரி மனேஜர், அவரைத் திட்டுகிற நாங்கள். ஊருக்குள் பார்த்தும் பாராத மாதிரிப் போகிறவர்கள் பாதையில் நின்று கதைப்பார்கள். என் பெயரை அங்கேதான் முதலில் சரியாகச் சொல்லப் பழகினார்கள். சில மாரிகளுக்குப் பிறகு டொக்டர் குளிசையைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். சறுக்கல் நிற்கவில்லை. அது மருந்தில்லை, என் சீவியம். பனி இல்லாத கோடையில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக அங்கே சில்லு வைத்த ஸ்கீ இருக்கிறது: கை நீளத்தில் ஒரு அலுமினியத் துண்டு, முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு ஒரு சில்லு, மேலே சப்பாத்தின் நுனியைக் கொளுவ ஒரு பூட்டு. கையில் அதே இரண்டு கோல்கள், முனையில் இரும்பு. தார் வீதியில் போகலாம்.

அதைத்தான் ஊருக்குக் கொண்டு வந்தேன்.

பெறாமகளின் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் ஒரே பிள்ளை. எழுத்தும், அதுதான் பதிவும், கலியாணமும் முடியும் மட்டும் நிற்பதென்று கோடை லீவோடு சம்பளமில்லாத லீவையும் சேர்த்து எடுத்து வந்தனான். விடிய, வெயில் ஏறமுதல், வறண்ட கச்சான் காற்று எழும்பமுதல், நிலாவெளி வீதியில் இறங்கினேன். காபெட் போட்ட றோட்டு. கோல் முனை தாரில் குத்துகிற சத்தத்துக்கு முதலில் நாய்கள்தான் எழும்பின.

"அன்ரி, ஓட்டோவுக்கே மூண்டு சில்லு வேணும்! நீங்கள் என்னெண்டு சமாளிக்கிறீங்கள்?" ஓட்டோக்காரப் பெடியன் ஒருவன் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து கேட்டான்.

"எனக்குப் பெற்றோல் தேவையில்லை, தம்பி."

"அப்ப இண்டைக்கே இதை வித்துப்போடுறன்!"

பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "நிலாவெளி, நிலாவெளி! அக்கா, உங்கட பஸ்ஸில சீற் இருக்கோ?" என்று கத்தினான். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கோல் வீச்சைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, தண்ணியில்லாமல் தண்டு வலிக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். காவலரணில் நின்ற கடற்படைப் பெடியன் கோல் முனையைத் தொட்டுப் பார்த்து, "மொகத மே?" என்றான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான்; நானும் கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினேன். அடுத்த நாள் சலூட் அடித்தான்.

இந்தச் சனம் எல்லாம் என் சனம். அவர்கள் என் முகத்துக்கு நேரே பகிடி விட்டார்கள், நான் திருப்பி விட்டேன், அதோடு சரி. வியர்வை ஊற்ற வீட்டுக்கு வந்து கிணற்றில் அள்ளிக் குளித்து, இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து சாப்பிட்டு, ஃபான் காற்றில் குழந்தை மாதிரி நித்திரை கொண்டேன். வடக்கே பனியும் இங்கே தாருமாக, உடம்பு ஒன்றாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளை வான் மட்டும் ஒருநாள் என்னருகில் மெதுவாகி, சிரிக்காமல், பகிடி விடாமல் கடந்து போனது.

அன்று பின்னேரம் அத்தான் குசினி வாசலில் வந்து நின்றார். அக்காவின் புருசன், நல்ல மனிதர், யாரோடும் சண்டைக்குப் போகாதவர். அதுதான் அவருடைய பிழை.

"நிலாவெளி றோட்டில போனது நீர்தானே?"

"ஓம் அத்தான். வேற ஆர் போறது?"

"மாப்பிள்ளையின்ர தகப்பன் வானுக்குள்ள இருந்து பாத்திருக்கிறார்."

"அட, தெரிஞ்சிருந்தாக் கை காட்டியிருப்பன்."

"பகிடியில்லை, பிள்ளை. தரகர் ஃபோனில கோல் எடுத்தவர். பொம்பிளையின்ர சின்னம்மாவுக்கு விசரோ எண்டு கேக்கினமாம்."

அக்காவின் கையில் இருந்த தட்டம் நிலத்தில் விழுந்து சுழன்று ஓய்ந்தது. "முடிஞ்சுது" என்றாள். "பொம்பிளை பகுதியில விசர் இருக்கெண்டு ஒரு கதை வெளிக்கிட்டா ஆர் எடுப்பினம் எங்கட பிள்ளையை? இவவுக்கு அங்க வந்ததும் தெரிஞ்சுதெண்டா?"

"இவவுக்கு" என்றாள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அத்தான் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "சுகர் எண்டு சொல்லுவம்" என்றார். "வெளிநாட்டு டொக்டர் சொல்லித்தான் அந்தச் சில்லில ஓடுறா எண்டு."

"எனக்குச் சுகர் இல்லை, அத்தான்."

"உம்மட இரத்தத்தை ஆர் கேட்டது? ஒரு சொல்லுக்குத்தானே."

சுகர் என்றால் மரியாதையான வருத்தம். கலியாண வீட்டுப் பந்தியில் எங்கள் ஆட்கள் சுகரைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? மகனுக்குக் கம்பஸ் அனுமதி கிடைத்ததைப் பற்றிக் கதைப்பது போல இருக்கும். எனக்கு இவ்வளவு, உனக்கு எவ்வளவு, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி, பாகற்காய் சாப்பிடு. பிரஷருக்கு ஒரு கதிரை போட்டு இருத்துவார்கள். கொலஸ்ட்ரோல் என்றால் விருந்தாளி. ஆனால் தலைக்குள் ஒன்று உடைந்தால் அதற்குக் கதிரை இல்லை, தேத்தண்ணி இல்லை, வாசல்கூட இல்லை. அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைக் கிணற்றில் போட வேண்டும். குண்டுச் சத்தத்துக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் வளர்ந்த சனம் நாங்கள். எங்கள் வீடுகளில் எத்தனை பேர் சுவரைப் பார்த்துக் கிடந்தார்கள், கிடக்கிறார்கள்! யாருக்காவது மனம் உடைந்ததாக ஒரு பந்தியில் கேள்விப்பட்டீர்களா? எல்லாருக்கும் சுகர். ஊர் முழுக்கச் சுகர்!

இதை நான் கத்திச் சொல்லியிருப்பேன். பெறாமகள் வேலையால் வந்து கைப்பையோடேயே என்னிடம் ஓடி வந்ததால் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்திருந்தது. ஃபோனில் கதைத்துவிட்டு வரும்போது அவளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"சின்னம்மா, ப்ளீஸ். எழுத்து முடியுமட்டும்தான். பிறகு நீங்கள் கொழும்புக்கே சில்லில போங்கோ, நான் தண்ணிப் போத்தலோட பின்னால வாறன்."

நிற்பாட்டினேன். அவளுக்காக. ஸ்கீயைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கடற்கரையில் நடக்கலாமோ என்று கேட்டேன். "கொஞ்ச நாளைக்கு வெளிக்கிடாதை. சனம் பாக்குது" என்றாள் அக்கா. அக்காவுக்கு உண்மையாகவே சுகர். அத்தானுக்கும்தான். இருவரும் கதிரையில் இருந்து ரீவி பார்த்தபடி நான் வீட்டுக்குள் இருக்கிறேனா என்று பார்த்தார்கள்.

முதலில் நித்திரை மெலிந்தது. பிறகு பசி. ஒரு மத்தியானம் சோற்றை வாயில் வைத்தபோது அது மணலாக இருந்தது. நான் அதை அறிவேன். அது வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் எனக்குத் தெரியும். அக்காவிடம் சொன்னேன். "கச்சான் காத்துக்கு எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றாள்.

மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் எழுத்துக்கு நாள் வைக்க வந்த பின்னேரம், வீடு பலகார வாசத்தில் மிதந்தது. தகப்பன் பென்சன் எடுத்த அரசாங்க உத்தியோகத்தர், கதிரை நிறைந்த மனிதர், கலகலப்பாகக் கதைக்கிறவர். தாய் அவருக்குத் தலையாட்டுகிறவர். என்னையும் சேலை உடுத்திக் கொண்டுவந்து இருத்தினார்கள். பெறாமகள் தட்டத்தோடு வந்தாள். நான் லட்டு ஒன்றை எடுக்கக் கையை நீட்ட, அக்கா தட்டத்தை இழுத்தாள்.

"இவவுக்கு இனிப்புக் கூடாது. சுகர்."

எனக்கு மட்டும் சீனியில்லாத தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணிக்கு அள்ளிச் சீனி போடுகிறவள் நான்.

"ஓ, அப்பிடியோ!" தகப்பனின் முகம் மலர்ந்தது. சொந்தக்காரியைக் கண்ட மலர்ச்சி. "கன காலமோ?"

"கன காலம்" என்றார் அத்தான்.

"குளிசையோ, ஊசியோ?"

"குளிசை" என்றார் அத்தான். அதே நேரம், "ஊசி" என்றாள் அக்கா.

"ரெண்டும் மாறி மாறி" என்று அத்தான் விழுந்த இடத்தில் மண் ஒட்டாமல் எழும்பினார்.

"எனக்கும் அப்பிடித்தான் இழுத்தடிச்சது. மனுசியும் கேஸ்தான்." தாய் தலையாட்டினார். தகப்பன் ஒரு சின்னப் பையின் சிப்பை இழுத்தார். "மிசின் கையோடதான் திரியுறனான். நீட்டுங்கோ விரலை, பாப்பம்."

அத்தானின் முகம் வெளிறிப்போனது. என் விரலில் ஒரு துளி வந்தது. மிசின் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீக் என்றது. தகப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"இதென்ன! நோமல்! றோல்ஸ் சாப்பிட்டு, தேத்தண்ணி குடிச்சு... பாரும், இங்க பாரும்!" மனுசியிடம் மிசினை நீட்டினார். "எனக்கு வெறுவயித்தில இதைவிடக் கூடக் கிடக்கும். இந்தச் சில்லுதான் செய்திருக்கு. டொக்டர்மார் குளிசை குளிசையாத் தள்ளுறாங்கள், ஒருத்தராவது சில்லு எண்டு சொன்னாங்களே? தங்கச்சி, எனக்கும் ஒரு சோடி அனுப்பேலுமோ? என்ர சப்பாத்து ஒம்பது."

அந்த அறையில் என்னைத் தவிர எல்லாப் பெரியவர்களுக்கும் உண்மையாகவே சுகர். சுகர் இல்லாத ஒருத்தியின் இரத்தத்தைப் பார்த்து அவர்கள் எல்லாரும் கொண்டாடினார்கள். அத்தான் சிரித்தார். அக்கா நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தை எடுக்க எழும்பினாள். பெறாமகள் கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். முழுக்க வென்றவளின் சிரிப்பு. நான் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

"உண்மையைச் சொல்லுறன், குறை நினைக்கக் கூடாது" என்று தகப்பன் றோல்ஸைக் கடித்தபடி தொடங்கினார். "அண்டைக்கு இவவை றோட்டில காண நான் பயந்திட்டன். விசர் கிசர் உள்ள குடும்பத்தில கையை வைக்க ஏலாதுதானே. பிள்ளையளுக்கு வரும், பேரப்பிள்ளையளுக்கு வரும். அதுகளைக் கட்டித்தான் வைக்கோணும், கட்டிக் குடுக்கக் கூடாது!"

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். அத்தானும் சேர்ந்து சிரித்தார். அக்கா, எனக்கு விபூதி மடித்து அனுப்பிய என் அக்கா, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எனக்குச் சுகர் இல்லை."

"ஓம், இப்ப இல்லைத்தான்! அந்தளவுக்கு இறக்கிப்..."

"எப்பவும் இருக்கேல்லை. எனக்கு வந்தது நீங்கள் சொன்ன சாமான். விசர். நீங்கள் வானுக்குள்ள இருந்து சரியாத்தான் பாத்தனீங்கள். ஒரு மாரி முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தனான். இனிப் போதும் எண்டும் நினைச்சனான். என்னை ஒருத்தரும் கட்டி வைக்கேல்லை, ஒருத்தி வந்து சப்பாத்துப் போட்டு வெளியில கூட்டிக்கொண்டு போனவ. அண்டையில இருந்து ஓடுறன். ஓடினாத்தான் எனக்குப் பசிக்கும், ஓடினாத்தான் நித்திரை வரும். இப்ப உங்களுக்குப் பயந்து இவை என்னை வீட்டுக்குள்ள வைச்சிருக்கினம். எனக்கு நித்திரை இல்லை. சோறு மணலாக் கிடக்குது. அதைப் பாக்கிறதுக்கும் மிசின் வைச்சிருக்கிறீங்களோ?"

கடைசிச் சொற்களில் என் குரல் கிழிந்துவிட்டது. நான் அழகாகப் பேசியதாக நினைக்க வேண்டாம். துப்பல் தெறித்தது, பார்க்கிறவர்களுக்கு அது விசராகத்தான் தெரிந்திருக்கும்.

தகப்பன் மிசினைப் பைக்குள் வைத்து, சிப்பை மெதுவாக, கடைசி வரைக்கும் இழுத்து மூடினார். "நல்லது" என்றார். "அப்ப நாங்கள் பிறகு கதைப்பம்." தாய் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு பார்த்தேன், என் விரலில் இரத்தம் ஒற்றிய பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

பிறகு கதைக்கவில்லை. தரகர்தான் கதைத்தார். சாதகத்தை இன்னொருக்காப் பார்த்தவையாம், செவ்வாய் இடிக்கிறதாம். முதல் பார்த்தபோது பத்துப் பொருத்தமும் அள்ளிக் கொடுத்த அதே சாதகம். எங்கள் ஊர்க் கிரகங்களுக்கு எவ்வளவு மரியாதை தெரியும் பாருங்கள்! மனிதருக்குச் சொல்ல வெட்கமாக இருப்பதை எல்லாம் தாங்கள் ஏற்றுக்கொண்டு இடம் மாறி நிற்கின்றன. அந்தப் பெடியனும் ஃபோனில் பெறாமகளிடம், அம்மாவை அழவிட ஏலாது என்றானாம். அவ்வளவுதான் அவனின் முதுகெலும்பு.

அத்தான் எனக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடத் தொடங்கினார். அக்கா சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். நான் கட்டிலுக்குக் கீழே இருந்து ஸ்கீயை இழுத்தேன். இனி யாருக்குப் பயம்? விடிய வாசல் படலையடியில் குந்தியிருந்து பூட்டைக் கொளுவும்போது, பெறாமகள் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்கள் பேசாமல் இருந்திருந்தா எனக்கு எழுத்து நடந்திருக்கும்."

"ஓம்."

"சும்மா ஓம் எண்டு மட்டும் சொல்லாதீங்கோ!"

"வேற என்ன சொல்ல? நடந்திருக்கும். நாளைக்கு அந்த வீட்டில உனக்கு ஒண்டு வந்தா? பிள்ளை பிறந்த பிறகு வரும் சில பேருக்கு. கட்டி வைக்கோணும் எண்ட மனுசன்ர வீட்டில நீ ஆருக்குச் சொல்லுவாய்?"

"வந்தா நான் பாத்திருப்பன்! அது என்ர பாடு. வராத ஒண்டுக்கு என்ர பாட்டை நீங்கள் ஏன் முந்திப் பட்டனீங்கள்? உங்களுக்குக் கோவம் வந்தது, சொன்னனீங்கள். என்னைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. ஆனால் அவர்களின் அந்தச் சிரிப்பு நடுவில் கிடக்க, லட்டுத் தட்டத்துக்கு முன்னால், நான் இன்னும் ஒரு சுகர்காரியாகத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று எத்தனை தரம் யோசித்தாலும் என் வாய்க்கு வரவில்லை. அவளுக்கு என்மேல் நியாயமான கோபம். எனக்கு அந்த அறைமேல் நியாயமான கோபம். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அன்றைக்கு நிலாவெளி வரைக்கும் போனேன். கோலை ஊன்றவில்லை, குத்தினேன். ஒவ்வொரு குத்தும் ஒருவருக்கு: தரகருக்கு, செவ்வாய்க்கு, மிசினுக்கு, முந்தானைக்குள் சிரித்த வாய்க்கு. உப்பளக் காற்று முகத்தில் அறைந்தது. திரும்பி வரும்போது குத்துவதற்கு ஆட்கள் முடிந்து போனார்கள், வெறும் கை மட்டும் போய் வந்தது. கிணற்றில் அள்ளி ஊற்றினேன். பசித்தது. மூடி வைத்திருந்த பழஞ்சோற்றைப் பச்சை மிளகாயோடு தின்றேன். மத்தியானம் வரைக்கும் செத்த மாதிரி நித்திரை கொண்டேன். உடம்புக்கு யாரின் சம்மதமும் தேவையில்லை, நல்ல காலம்.

லீவு முடியமுதலே டிக்கெட்டை மாற்றினேன். விமான நிலையத்துக்கு வான் வந்த மத்தியானம், ட்ரைவர் என் நீளப் பையைத் தூக்கிக் குறிபார்க்கிற மாதிரிப் பிடித்து, "என்ன அன்ரி, துவக்கோ?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தான் பையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார், என் முகத்தைப் பார்க்காமல். அக்கா மிளகாய்த்தூள் பொதியைக் கையில் வைத்தாள். அவளின் விரல் என் விரலில் கொஞ்சம் நின்றது. "சாப்பிடு" என்றாள். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, பின்னால் பக்கத்து வீட்டுக்காரி படலையில் நிற்பதைக் கண்டு, உள்ளே போய்விட்டாள்.

பெறாமகள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வான் கதவை இழுக்கப் போகையில் வந்து கண்ணாடியில் கையை வைத்தாள்.

"சின்னம்மா."

"சொல்லு."

"எனக்கு உங்களோட இன்னும் கோவம்தான்."

"கோவமாவே இரு. ஆனா நித்திரை வராமல் போச்செண்டா ஒளிக்காதை, பிள்ளை. எந்த நேரமெண்டாலும் எனக்குக் கோல் எடு."